எத்தனை எக்ஸ்? - மா. கிருஷ்ணன் வாழ்வு சொல்லும் பதில்

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை, பூதலூர்)



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டதும் வழக்கமான பெயர்கள்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தன. அவர்களைப் பற்றி எழுதாத ஆண்டு மலர் தமிழ்நாட்டிலேயே இருக்காது. நான் எழுதப் போவது காடு காடாக அலைந்து யானையையும் பறவையையும் படம் எடுத்த ஒரு மனிதரைப் பற்றி. அவர் பெயர் மா. கிருஷ்ணன். எழுத்தாளர், ஓவியர், புகைப்படக் கலைஞர், இயற்கையை நுணுகிப் பார்த்தவர். நம் நாட்டில் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர்களின் முதல் வரிசையில் அவர் நிற்கிறார் என்றால் மிகையில்லை.

நம் வகுப்பில் கேமரா பேச்சு வந்தாலே முதல் கேள்வி எத்தனை எக்ஸ் என்பதுதான். முப்பதா, அறுபதா, எண்பத்து மூன்றா? எண் பெருசா இருந்தால் கேமராவும் பெரிசு என்று ஒரு நினைப்பு. எனக்கும் இது வெறும் பேச்சு இல்லை. முகூர்த்த நாட்களில் நான் எங்க ஊர் ஸ்டுடியோ அண்ணன் ஒருவரோடு லைட் பிடிக்கப் போவேன். பஸ் காசும் கைச்செலவும் அதில்தான் நடக்குது. அவரிடம் ஒரு பழைய சூப்பர்ஜூம் டிஜிட்டல் கேமரா இருக்கு. அதைப் பாதி விலைக்கு எனக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். பாதி விலை என்றாலும் அது எங்க அம்மா ஒரு சம்பா நடவு முழுக்கக் குனிந்து நட்டுச் சேர்க்கிற கூலி. அம்மா தர்றேன்னுதான் சொன்னாங்க. அதனாலேயே அந்தக் கேமராவின் நிறை என்ன, குறை என்ன என்று ஒழுங்காக எடை போட்டாக வேண்டிய நிலை வந்தது. அந்த வேலையில்தான் கிருஷ்ணனின் வாழ்க்கை எனக்குக் கை கொடுத்தது.

புத்தகம் நிறைந்த வீடு

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. தந்தையார் அ. மாதவையா. தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான 'பத்மாவதி சரித்திர'த்தை எழுதியவர் அவர்தான். குடும்பம் சென்னையில் மயிலாப்பூரில் வாழ்ந்தது. இன்றைய மயிலாப்பூரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்று அங்கே புதரும் வெட்டவெளியும் இருந்தன. பறவைகளும் சிறு விலங்குகளும் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடமாடின. பையனின் கண் அங்கேதான் பழகியது.

1925-ல் அப்பா போய்விட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த சிறிது நேரத்திலேயே மாதவையாவின் உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயது.

1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் பி.எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய தாவரவியல் அறிஞர். அவரோடு மாணவர் கிருஷ்ணன் மலைகளுக்குப் போனார். ஃபைசனின் மனைவியும் படம் வரைபவர். நீர்வண்ண ஓவியத்தின் நுணுக்கங்களை அவரிடமிருந்து கிருஷ்ணன் தெரிந்துகொண்டார். வகுப்பறையில் கிடைத்ததைவிட மலையேறியபோது கிடைத்த பாடமே அவரோடு கடைசிவரை வந்தது.

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இத்தனை இருந்தும் கிருஷ்ணன் பரீட்சையில் பெரிய மார்க் வாங்கியவர் அல்ல. தாவரவியல் படித்தார், சட்டமும் படித்தார். வேலை கிடைக்கவில்லை. பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் போட்டார், கட்டுரை எழுதினார், அச்சகத்தில் இருந்தார், வானொலியில் கொஞ்ச நாள் இருந்தார். 1937-ல் திருமணமும் ஆகிவிட்டது. மனைவி பெயர் இந்துமதி. நிலையான சம்பளம் இல்லாத அந்த ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று அரியர் பேப்பரோடும் வேலைவாய்ப்பு அலுவலக அட்டையோடும் அலைகிற நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சண்டூர் காலம்

1942-ல் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. இன்றைய கர்நாடகத்தின் பல்லாரிப் பக்கத்தில் உள்ள சின்ன மலைநாடு அது. அங்கே அவர் பார்த்த வேலைகளைக் கேட்டால் சிரிப்பும் வரும், மதிப்பும் வரும். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகள். இடையில் ஆடு வளர்த்தும் பார்த்தார், புறாவும் வளர்த்தார். வேலை எதுவாக இருந்தாலும் சுற்றிலும் காடும் பாறையும் இருந்தன. பார்த்ததை எழுதுவதும் வரைவதும் படம் எடுப்பதும் நிற்கவில்லை.

1949-ல் அந்தச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அரசாங்க உத்தியோகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. சென்னைக்குத் திரும்பி, இனி எழுத்தும் புகைப்படமும்தான் பிழைப்பு என்று முடிவு செய்தார். வயது முப்பத்தேழு, முப்பத்தெட்டு. குடும்பம் இருக்கிறது, மாதச் சம்பளம் இல்லை. எங்க அப்பா இதைக் கேட்டால் புத்தி கெட்டுப் போச்சான்னு கேட்பார். ஆனால் 1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் அவர் தொடங்கிய 'கண்ட்ரி நோட்புக்' என்ற பத்தி 1996 வரை நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. காக்கை, ஓணான், தெருவோர மரம், யானை எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. பத்திக்கு வேண்டிய கோட்டுச் சித்திரங்களையும் தானே வரைந்தார்.

அவருடைய கேமரா

இப்போது விஷயத்துக்கு வருவோம். காட்டுயிரைப் படம் எடுக்கத் தூர லென்ஸ் வேண்டும். அந்தக் காலத்தில் அது சீமைச் சரக்கு. விலையும் அதிகம், கிடைப்பதும் கஷ்டம். கிருஷ்ணன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கம்பெனியின் கேமரா உடல், வேறொரு கம்பெனியின் தூர லென்ஸ், இடையில் தானே பொருத்திய இணைப்புகள் என்று ஒரு கலவைக் கருவியை உருவாக்கினார். அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று தானே கிண்டலாகப் பெயரும் வைத்தார். பெயரிலேயே அதன் கனம் தெரிகிறது. பிரிந்து போகாமல் இருக்க அதில் பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டியிருந்தாரோ என்று அவரை அறிந்த ஒருவர் வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். நம்ம ஒர்க் ஷாப்பில் நாம் செய்கிற வேலைதான் இது!

அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு கால்நடையாகவும் வளர்ப்பு யானை மேல் ஏறியும் காட்டுக்குள் போனார். கலர் ஃபிலிம் வந்து எல்லாரும் மாறிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. யானையின் தோல் மடிப்பும், மானின் காது திரும்பியிருக்கும் பக்கமும், பின்னணிப் புதரும் அந்தப் படங்களில் பேசும்.

கிடைத்த பாகங்களைச் சேர்த்துக் கேமரா செய்தது அவர் மட்டும் அல்ல. 1975-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். சூப்பர் 8 மூவி கேமராவின் லென்ஸ், ஒரு கேசட் ரெக்கார்டர், பதினாறு பேட்டரி எல்லாம் சேர்த்து சுமார் 3.6 கிலோ. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. படத்தில் இருந்த புள்ளிகள் பத்தாயிரம் மட்டுமே. இன்று நம் கைக்கு வரும் சூப்பர்ஜூம் அந்தக் கருவியின் பேரப்பிள்ளை.

சூப்பர்ஜூமின் நிறையும் குறையும்

முதலில் இந்த எக்ஸ் என்பதை உடைத்துப் பார்ப்போம். 2015-ல் வந்த நிக்கான் பி900-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லென்சின் குவியத் தூரம் 4.3 மில்லிமீட்டரிலிருந்து 357 மில்லிமீட்டர் வரை. 357-ஐ 4.3-ஆல் வகுத்தால் 83. அதுதான் 83 எக்ஸ். கண்ணுக்குத் தெரிவதைவிட 83 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்த ஈவு, அவ்வளவே. 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றிச் சொன்னால், 25-ல் தொடங்கும் 20 எக்ஸ் கேமரா 500 வரைதான் போகும். 40-ல் தொடங்கும் 15 எக்ஸ் கேமரா 600 வரை போகும். எக்ஸ் குறைந்த கேமராதான் இங்கே அதிக தூரம் எட்டிப் பார்க்கிறது! ஆகவே எத்தனை எக்ஸ் என்று கேட்பதைவிட எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்பதே சரி.

நிறைகள் நிறைய உண்டு, மறைக்கக் கூடாது. பி900-ன் எடை ஒரு கிலோவுக்கும் கீழே. ஒரே லென்சில் கல்யாணக் கூட்டமும் அடங்கும், வரப்பின் அந்தப் பக்கத்துக் கொக்கும் அடங்கும். லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை, அதனால் உள்ளே தூசி போகிற வாய்ப்பு குறைவு. ஃபிலிமில் 36 படத்தோடு ஒரு சுருள் முடிந்துவிடும். இதில் எத்தனை எடுத்தாலும் செலவில்லை. ஒவ்வொரு படத்தோடும் ஷட்டர் வேகம், துவார அளவு எல்லாம் தானே பதிவாகிறது. ஏன் நன்றாக வந்தது, ஏன் கெட்டது என்று ராத்திரி உட்கார்ந்து ஒப்பிட்டுப் படிக்கலாம். கற்றுக்கொள்கிறவனுக்கு இது பெரிய வரம்.

குறைக்கு வருவோம். இத்தனை சின்ன உடம்பில் இத்தனை தூரம் எப்படி அடங்கியது? உள்ளே இருக்கும் சென்சார் மிகச் சின்னது என்பதுதான் ரகசியம். இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் அதன் அளவு சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. பரப்பு 28 சதுர மி.மீ. தான். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு கட்டம் 36-க்கு 24, அதாவது 864 சதுர மி.மீ. முப்பது மடங்கு வித்தியாசம்! வயல் சின்னதானால் விழுகிற மழையும் குறைவுதானே? ஒளியும் அப்படித்தான். வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் பொரிப்பொரியாகப் போகும். இதோடு, ஜூமை முழுசா இழுத்தால் துவார எண் 2.8-லிருந்து 6.5-க்குப் போகிறது. வர்க்கம் எடுத்துப் பாருங்கள். உள்ளே வரும் ஒளியின் செறிவு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

இதை ஏட்டுக் கணக்காகச் சொல்லவில்லை. அண்ணனின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு எங்க ஊர் வயல்வெளியில் பல ஞாயிற்றுக்கிழமை சுற்றியிருக்கிறேன். மார்கழிக் காலை. கதிர் முற்றுகிற சம்பா வயல். வரப்பில் அரிவாள் மூக்கன் நாலைந்து நிற்கும். காற்று தெளிவாக இருக்கும், ஆனால் வெளிச்சம் போதாது. ஜூம் போட்டால் படம் மங்கிக் கலங்கும். சரி, வெயில் ஏறட்டும் என்று பங்குனி, சித்திரையில் அறுப்பு முடிந்த தரிசுப் பக்கம் நடுப்பகலில் போனால் வெளிச்சம் கொட்டிக் கிடக்கும். ஆனால் தரையிலிருந்து கானல் எழும்பும். தூரத்துக் கொக்கு தண்ணீருக்குள் நிற்பது போல நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்சும் கானலை நீக்காது. தூரம் கூடக் கூட நடுவில் இருக்கும் காற்றும் கூடுகிறது, அதுதான் காரணம்.

காலையில் ஒளி இல்லை, பகலில் கானல். வழி ஒன்றுதான் இருக்கிறது. காலையிலேயே போய், பறவை பயப்படாத அளவுக்குப் பக்கத்தில் போய் நிற்பது. அதற்கு அந்தப் பறவை எங்கே மேயும், எந்தப் பக்கம் பார்க்கும், எத்தனை அடியில் எழும்பும் என்று தெரிந்திருக்க வேண்டும். மடையான் அசையாமல் நிற்கும், நெருங்க விடும். ஆள்காட்டி நம்மைப் பார்த்த உடனே கத்தி ஊரையே எழுப்பிவிடும். இந்த விவரம் கேமரா டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதில்லை. கனமான கருவியைச் சுமந்த கிருஷ்ணன் இதை விலங்குகளிடமே போய்க் கற்றார். அவருடைய படங்களில் விலங்கு நம்மைப் பார்த்து மிரண்டு ஓடாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம் என்று நான் நம்புகிறேன்.

என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். வயலில் என்ன பறவை வந்தது என்று பதிவு செய்ய, இனம் கண்டுபிடிக்க, சூப்பர்ஜூம் நல்ல கருவி. மண்டபத்துக்குள் முகூர்த்தப் படம் எடுத்துச் சம்பாதிக்க அது உதவாது, ஏனென்றால் அங்கே வெளிச்சம்தான் பஞ்சம். சம்பாதித்துத் திருப்பித் தராத பொருளுக்கு அம்மாவின் நடவுக்கூலியை எடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். அண்ணனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். பணம் அம்மாவிடமே இருக்கிறது.

கருவி தாண்டிய உழைப்பு

கிருஷ்ணனின் உழைப்பு படம் எடுப்பதோடு முடியவில்லை. 1968-ல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்றார். தென்னிந்தியக் காடுகளின் பாலூட்டிகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் நேரில் கண்டதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் தொடராக எழுதினார். 1959 முதல் 1970 வரையிலான இந்தியக் காட்டுயிர்களின் நிலையைச் சொல்லும் அந்த ஆய்வு 1975-ல் நூலாக வந்தது. 1970-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. காட்டுயிர் வாரியத்தில் இடம் பெற்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். நம் மண்ணுக்குரிய மரத்தையும் புதரையும் அழித்துவிட்டு வெளிநாட்டு மரங்களை நடுவதை விடாமல் எதிர்த்தார். அழகாகத் தெரியாத முள்காட்டுக்காகவும் வாதாடியவர் அவர்.

ஆங்கிலத்தில் பேர் வாங்கிய பிறகு தமிழை மறந்தவரும் அல்ல. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தந்திருக்கிறார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் கிருஷ்ணன் எழுதினார். அப்பா எந்த மொழிக்காகக் கடைசிப் பேச்சைப் பேசினாரோ அந்த மொழியில் மகனும் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கிருஷ்ணன் பிறந்த வீட்டில் புத்தகம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, எழுத்தாளரான அப்பா இருந்தார். எங்க வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர். அவரைப் போல வேலையை உதறிவிட்டுக் காட்டுக்குப் போ என்று நம்மில் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். நமக்கு டிப்ளமோ முடிந்ததும் சம்பளம் வேண்டும், அது அவசரம். ஆனால் பார்க்கும் பழக்கத்துக்குச் சம்பளம் குறுக்கே நிற்காது. அப்பாவுக்கு எழுதத் தெரியாதே தவிர, வானத்தையும் மண்ணையும் பார்த்து எப்போ மடை திறக்கணும், எந்தப் பூச்சி வந்தால் எந்தக் கொக்கு இறங்கும் என்று சொல்லத் தெரியும். அதை எழுதி வைக்க இப்போது வீட்டில் ஒரு ஆள் இருக்கிறான். ஐந்து ரூபாய் நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும் அதற்குப் போதும்.

1996 பிப்ரவரி 18 அன்று எண்பத்து மூன்றாவது வயதில் மா. கிருஷ்ணன் சென்னையில் காலமானார். அவருடைய பத்தி அன்றைய 'ஸ்டேட்ஸ்மன்' இதழிலும் வந்திருந்தது. கடைசி நாள் வரை பார்த்ததை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நண்பர்களே! நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் இடத்தில் விதவிதமான மீட்டரும் மெஷினும் நம் கையில் தருவார்கள். விளம்பரத்தில் போட்ட எண்ணைப் பார்த்து மயங்காமல், எந்த வேலைக்கு, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில் என்று கேட்டுப் பழகுவோம். கருவியால் ஆகாததை நம் காலாலும் கண்ணாலும் ஈடு செய்யப் பழகுவோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு யாராவது வருவதாக இருந்தால் பூதலூர் ஸ்டேஷனில் இறங்குங்கள், வரப்புக்குக் கூட்டிப் போகிறேன். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நோட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.